ஒரு வின்ஸுக்கு அலைந்த கதை

மூன்றாம் வகுப்பில் என்னைப் பாடாய்ப் படுத்திய ஆங்கிலச் சொல் 'வின்ஸ்'. திடீரென்று வலித்தால் முகம் ஒரு நொடி சுளித்து மீளுமே, அதுதான் என்றார் மிஸ். திங்கட்கிழமை ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் அதைச் செய்து காட்ட வேண்டும். நான் ஒத்திகை பார்த்தபோது பக்கத்து பெஞ்சுக்காரி, "இது தும்மல்டி" என்று சொல்லிவிட்டாள். மானமே போயிற்று.

வீட்டுக் கண்ணாடி முன்னால் என்னையே கிள்ளிப் பார்த்தேன். வலி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் முகம் நாடகம் ஆடுகிறது. ஆக, ஒன்றும் அறியாத ஓர் ஆள் வேண்டும். அம்மாவைக் கிள்ளினால் முதுகு பழுத்துவிடும். அப்பா ஊரில் இல்லை. மிச்சம் இருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆஸ்டின் டவுனில் வண்டி ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, நீலசந்திராவில் எங்களோடுதான் இருந்தார்.

அவரைப் போய்ப் பிடித்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! சூடான சைலன்சரைத் தொட்டுத் தொட்டு மரத்துப்போன தோல். கிள்ளினேன், "கொசு ஜாஸ்தியாயிடுச்சுக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். காலை மிதித்தேன், தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். மீசையில் ஒரு முடியைப் பிடுங்கினேன், "இன்னொண்ணு வேணுமா கண்ணு?" என்றார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்னத்தைப் படிப்பது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் மாடி வீட்டுக் கன்னட ஆன்ட்டி குங்குமச்சிமிழும் கல்யாணப் பத்திரிகையுமாக வந்தார். அவர் மகளை நான் அக்கா என்பேன். அந்த அக்காவின் மொபெட் வாரா வாரம் மக்கர் பண்ணும். மாமாதான் சரிசெய்து தருவார்.

"அவளுக்குக் கல்யாணம் கூடி வந்திருச்சு. பையன் மைசூரு. எல்லாரும் பர்லேபேக்கு, கட்டாயம் வரணும்" என்றார் ஆன்ட்டி. அம்மாவின் கை ஈரமாக இருந்ததால் பத்திரிகையை மாமாவிடம் நீட்டினார்.

அப்போது வந்தது! கண்ணோரம் சுருங்கி, உதடு ஒரு பக்கம் இழுத்து, உடனே மீண்டது.

"வின்ஸ்! மாமா வின்ஸ் பண்ணிட்டாரு!" என்று வீடே அதிரக் குதித்தேன். ஆன்ட்டி புரியாமல் சிரித்தார். அம்மா ஈரக்கையோடு என் வாயைப் பொத்தினாள்.

"ஆமா கண்ணு, நாக்கைக் கடிச்சிக்கிட்டேன்" என்றார் மாமா. ஆன்ட்டி போனபிறகு, நான் கெஞ்சியதற்காக இன்னொரு முறையும் செய்து காட்டினார், என் தங்க மாமா. மறுநாள் வகுப்பில் அதை அப்படியே செய்தேன். மிஸ்ஸே கைதட்டினார்.

எதையும் தின்னாமல் சும்மா நின்றிருந்தவர் நாக்கை எப்படிக் கடித்துக்கொண்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.