புதன்கிழமைச் சாட்சி

எழுபதுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலையில் ஒரு தபால் ஆபீஸில் கவுண்டர் குமாஸ்தா. வேலைக்குச் சேர்ந்த அன்றே போஸ்ட் மாஸ்டர், நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர், ஒன்று சொன்னார். "கார்டு கண்ணுல படத்தான் படும், படிச்சும் போடுவோம். ஆனா வாயத் தொறக்கக் கூடாதும்மா. தொறந்தா இந்த நாற்காலியில உக்கார லாயக்கில்ல." அதை ஒழுங்காகக் காப்பாற்றினேன். ஆபீஸில் மட்டும்.

சர்ச்சில் எங்களுக்கு வேறு பாடம். புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம். போதகரின் மனைவியை ஐயரம்மா என்போம். அவர் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்த வாரம் கிறிஸ்துவின் அன்பை எப்படிக் காட்டினோம் என்று ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். சொல்லி முடித்ததும் எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்போம்.

இதற்காக ஆள் பிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத ஜனம் வரும்; அந்த வாரம் எங்களுக்கு அறுவடை. தண்ணீர் கொடுத்தவள், கூட்டத்தில் தொலைந்த கிழவரைப் பஸ் ஏற்றிவிட்டவள் என்று சாட்சி நீண்டுகொண்டே போகும். சாதாரண வாரங்களில் பஞ்சம். ஒருமுறை செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வழி கேட்ட வெள்ளைக்காரரை இரண்டு பேர் தனித்தனியாகத் தங்கள் சாட்சியில் சொல்லிவிட்டார்கள். அவர் யாருடைய வெள்ளைக்காரர் என்று வெளியே வந்ததும் சண்டை. செய்த தருமத்தை இப்படி ஊரறியச் சொல்லக்கூடாது என்று எங்கள் வேதத்திலேயே இருக்கிறது. அந்த வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவள் ஒரு மார்ச் மாதத்தில் கவுண்டருக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் தீக்காயத் தழும்பு. கையில் இன்லேண்ட் லெட்டர். எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். வாசலில் வேப்பமரத்தடியில் கடிதம் எழுதித் தருகிறவர் உட்கார்ந்திருந்தார், அவரைக் காட்டினேன்.

"அவரு எழுதிட்டு சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டுவாருங்க. நாலு பேரு காதுல வுழும்."

"சரி, சாப்பாட்டு நேரத்துல வாம்மா. நான் எழுதித் தரேன்."

போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்த அக்காவுக்குக் கடிதம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். டி.பி. என்று தெரிந்ததும் புருஷன் துரத்திவிட்டான். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு முடித்தாயிற்று. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாத்திரைதான் இன்னும் சில மாதம். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் ஹாஸ்டல் ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறாள். வியாதி விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. அக்காவிடம் வளரும் மகளை ஜூனில் அதே ஹாஸ்டலில் சேர்த்துக்கொள்வதாக வார்டன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"பாப்பா படிச்சா போதும்னு எழுதுங்கம்மா. நான் பட்டது அதுக்கு வாணாம்."

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். என் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொடுப்பேன். மாத்திரை வாங்கத் தனியாகப் போகத் தயங்கிய ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். இதையெல்லாம் அன்பு காட்ட வேண்டும் என்று செய்யவில்லை. அவளைப் பிடித்திருந்தது, செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மே மாதம் ஒரு புதன்கிழமை ஐயரம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னங்க சிஸ்டர், நாள் பூரா ஜனங்களோடதான் இருக்கீங்க. உங்ககிட்ட சாட்சியே இல்லியா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்தேன்.

பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாததே பெரிய பண்பு என்று எனக்கு நினைப்பு. தழும்பைச் சொன்னேன், டி.பி.யைச் சொன்னேன், துரத்திய புருஷனைச் சொன்னேன். ஹாஸ்டலில் பாத்திரம் தேய்ப்பதையும் ஜூனில் மகள் வரப்போவதையும் சொன்னேன். கொடுத்த பாதிச் சாப்பாட்டை முழுச் சாப்பாடு ஆக்கினேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவது பெஞ்சில் அந்த ஹாஸ்டல் வார்டன் உட்கார்ந்திருந்தார். அவரும் துடைத்தார்.

அவர் எங்கள் சபைதான், வாராவாரம் வருகிறவர்தான். அவர் மனம் இளகட்டும் என்றுதான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தப் பத்து நிமிடமும் நான் அவரையும் நினைக்கவில்லை, அவளையும் நினைக்கவில்லை. என் பேச்சு எவ்வளவு நன்றாக வருகிறது என்று நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கையில் துணி மூட்டை. அதன் மேல் மடிப்புக் கலையாத ஒரு புதுப் புடவை. இன்னொரு இன்லேண்ட் லெட்டரை நீட்டினாள்.

"பாப்பாவக் கூட்டினு வராதன்னு எழுதணும்ங்க."

"ஏன், என்னாச்சு?"

"வார்டனம்மாவுக்கு என் வியாதி தெரிஞ்சுபோச்சு. புள்ளைங்க இருக்கற எடம், வச்சுக்க முடியாதுன்னுட்டாங்க. ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாருன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. பாப்பாவையும் வாணாம்னுட்டாங்க. யாரு போயி சொன்னாங்கன்னுதான் தெரியல."

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வரிசையில் ஆள் நிற்கிறது, போஸ்ட் மாஸ்டர் பார்க்கிறார், காரணத்துக்கா பஞ்சம்.

"ஆஸ்பத்திரில யாராவது சொல்லியிருப்பாங்க" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "இருக்கும்ங்க. இந்த ஊர்ல வாய மூடிக்கினு இருந்தது நீங்க ஒருத்தருதாம்மா."

கடிதத்தை எழுதி, ஒட்டி, முத்திரை குத்தி, நானே பையில் போட்டேன். பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், போகிறேன் என்றாள். அந்த நெஞ்சோடு செங்கல் சுமக்க. அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை வார்டன் சாட்சி சொல்ல எழுந்தார். போன வாரம் சிஸ்டர் சொன்ன சாட்சிதான் தன் கண்ணைத் திறந்தது என்று என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"எங்க ஹாஸ்டல்ல ஒரு ஏழைச் சகோதரி. வேலைய விட்டு அனுப்ப வேண்டியதாப் போச்சு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரலீங்க. எனக்குன்னு எடுத்து வச்சிருந்த புதுப் புடவையக் குடுத்து, கண்ணீரோட ஜெபம் பண்ணி அனுப்பி வச்சேன்."

எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். நானும் சொன்னேன்.