அச்சு அசல் அக்காவும் ஒரு பார்க்கலாமும்

வெளியுறவுத் துறை அலுவலகத்தில் அச்சு அசல் அக்கா எங்கே என்று கேட்டால், வாசல் காவலாளி முதல் அமைச்சர் வரை மூன்றாம் மாடியைத்தான் கை காட்டுவார்கள். இருபத்து மூன்று வருடமாக அங்கே மொழிபெயர்ப்பாளர். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய நாட்டின் மொழியை, இந்தப் பக்கம் இருக்கிற நம் சின்ன நாட்டில் பிசிறில்லாமல் பேசத் தெரிந்த அரசு ஊழியர் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததல்ல அது. சின்ன வயதில் அவள் வீட்டு வானொலிப் பெட்டியில் உள்ளூர் நிலையம் கரகரக்கும், அந்த நாட்டு வானிலை அறிக்கை மட்டும் கணீரென்று கேட்கும். காற்றில்கூடப் பெரிய நாடு பெரிய நாடுதான். அதைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டதால், அந்த மொழியில் அக்கா "சௌக்கியமா?" என்று கேட்டால்கூடப் புயல் எச்சரிக்கை போலத்தான் இருக்கும்.

அச்சு அசல் என்ற பட்டம் வந்த கதை தனி. ஒரு தடவை பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போக, அப்போதைய அமைச்சர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "மழை வர்ற மாதிரி இருக்கே" என்று பக்கத்திலிருந்தவர் காதில் முணுமுணுத்தார். அக்கா அதையும் மொழிபெயர்த்து ஒலிவாங்கியில் விட்டுவிட்டாள். எதிர்வரிசை மொத்தமும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. அன்று முதல் அந்த நாட்டு மொழிபெயர்ப்பாளர் எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும், வெயில் மண்டையைப் பிளந்தாலும், கையில் குடையோடுதான் வருவார். நம் அலுவலகத்தில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்டால் அக்கா கொஞ்சமும் அசரமாட்டாள்.

"அவர் வாயில இருந்து வந்துச்சு, சொன்னேன். உப்பு போட மாட்டேன், சர்க்கரையும் போட மாட்டேன்."

இந்தக் கொள்கைதான் அவளை ஒருநாள் வகையாக மாட்டிவிட்டது.

போன மாதம் பெரிய நாட்டு அமைச்சர் வந்தார். நம் தெற்குத் துறையை, அதாவது மீன்பிடி படகுகள் ஒதுங்குகிற அந்தச் சின்னக் கரையை, தொண்ணூற்றொன்பது வருடத்துக்குத் தங்கள் கப்பல்களுக்குத் தர வேண்டும் என்று கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நம் ஊர் விளக்குகளுக்கு மின்சாரம் கடலடிக் கம்பி வழியாக அவர்கள் நாட்டிலிருந்து வருகிறது. முடியாது என்றால் விளக்கு அணையும், சரி என்றால் நம் அமைச்சரின் பதவி அணையும். மனிதர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார், மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"பார்க்கலாம்."

அக்கா அதை அச்சு அசலாக அந்த மொழியில் சொன்னாள். அந்த மொழியில் ஓர் அமைச்சர் அந்த வார்த்தைகளைச் சொன்னால், பச்சைக்கொடி காட்டிவிட்டார் என்று அர்த்தம். மறுநாள் அவர்கள் பத்திரிகைகளில் "தெற்குத் துறை: நண்பர்கள் சம்மதம்" என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. அளவெடுக்க ஒரு குழு திங்கட்கிழமை கிளம்பி வருகிறதாம்.

எனக்கு இதில் அவர்கள்மேல் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது. முடியாது என்று சொல்லி ஒருநாளும் அடி வாங்காதவர்கள் அவர்கள். அதனால் அவர்கள் ஊரில் ஒருவன் முடியாது என்று சொல்லாவிட்டால், முடியும் என்றுதான் பொருள். நமக்கு அப்படியா? முடியாது என்று சொல்லும் வசதி நமக்கு வாய்த்ததே இல்லை. பார்க்கலாம், யோசிக்கலாம், ஆகட்டும், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அதைச் சொல்லாமலே சொல்ல இருபது வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்தால் வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வருவதில் என்ன அதிசயம்?

ஆனால் அக்காவுக்குச் சிரிக்க நேரமில்லை. தெற்குத் துறையில் நாலாவது கொட்டகை அவள் வீட்டுக்காரருடையது. படகு மோட்டார் பழுது பார்க்கிற கொட்டகை. அதன் மாடியில் இருக்கும் இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான் அவர்கள் வீடு. துறை போனால் தொழிலும் போகும், வீடும் போகும்.

வெள்ளிக்கிழமை காலை வெளியுறவுத் துறைச் செயலர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு கடிதம் தயாராக இருந்தது. 'எனது கவனக்குறைவினால் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன்' என்று தொடங்கி, விருப்ப ஓய்வு கேட்பதில் முடிந்தது.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. நாளைக்குக் கூட்டறிக்கைக்காக அவங்க வர்ற கூட்டத்துல, மொழிபெயர்ப்புல தப்பு நடந்துபோச்சுன்னு அமைச்சர் சொல்லிடுவார். அவங்களும் கௌரவமாப் பின்வாங்கிடுவாங்க. உங்க கொட்டகையும் நிக்கும்" என்றார் செயலர்.

"நான் அவர் சொன்னதைத்தானே சார் சொன்னேன்?"

"அது எனக்குத் தெரியாதா? ஆனா யார் தலையிலயாவது கட்டணும்ல?"

பெரிய நாடு வார்த்தை தவறினால் அதற்குப் பெயர் நிலைப்பாட்டில் மாற்றம். சின்ன நாடு தவறினால் உடனே ஒரு பலியாடு தேட வேண்டும். அக்கா கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டினாள். மனிதர் கைக் கிரீஸைத் துணியில் துடைத்தபடியே கேட்டார். வார்த்தையைச் சேமித்து வைத்து என்ன செய்யப் போகிறாரோ, ஒருநாளைக்குப் பத்துக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

"நீ தப்பு பண்ணியா?"

"இல்லைங்க."

"அப்ப எதுக்குப் போடணும்?"

"போட்டா கொட்டகை நிக்கும். போடலைன்னா என் வேலை நிக்கும், கொட்டகை போயிடும். எனக்கு ஒண்ணுமே புரியலைங்க."

அவளுக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே ஜன்னல் கதவு வழக்கம்போல டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. சட்டம் வளைந்துபோய் நாலு வருடமாக மூடாத ஜன்னல் அது. பழைய காகிதத்தை எட்டாக மடித்துச் செருகினால்தான் நிற்கும். மழையில் காகிதம் ஊறிப்போனால் மறுபடி வேறு காகிதம்.

"இந்த ஜன்னலையாவது பாருங்களேன்!" என்று அங்கிருந்தே கத்தினாள். கோபம் என்னவோ ஜன்னல்மேல் இல்லை.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா கையில் காகிதத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் கூட்டம். நீள மேசை, இரண்டு பக்கமும் கொடி, பின்வரிசையில் பத்திரிகைக்காரர்கள். கூட்டம் முடிந்ததும் கடிதம் தருவதாகச் செயலரிடம் சொல்லிவிட்டு அக்கா தன் இடத்தில் உட்கார்ந்தாள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அக்காவுக்கு மொழி தெரியாது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். அதை அவர்கள் மொழியில் சொல்ல நம் பக்கத்தில் அக்காவை விட்டால் ஆளில்லை.

நம் அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன தடவை ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. எங்க மொழிபெயர்ப்பாளருக்கு உங்க மொழி அவ்வளவாத் தெரியாது. நான் சொன்னது ஒண்ணு, அவங்க சொன்னது ஒண்ணு."

அக்காவின் காது மடல் சுட்டது. இருந்தாலும் ஒரு சொல் குறையாமல், புயல் எச்சரிக்கைக் குரலில், தனக்கு மொழி தெரியாது என்பதை அந்த மொழியில் மிகச் சுத்தமாகச் சொல்லி முடித்தாள்.

பெரிய நாட்டு அமைச்சர் புருவத்தைத் தூக்கி ஏதோ சொன்னார். குடைக்காரர் எழுந்தார். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர், பேசினால் புத்தகமாகவே பேசுவார்.

"எமது அமைச்சர் வினவுகின்றார். அம்மையாருக்கு மொழி தெரியாது என்பதனை, அந்த அம்மையார் வாயிலாகவே அறிகின்றோம். இதனை மட்டும் எவ்வாறு நம்புவது?"

நம் அமைச்சர் செயலரைப் பார்த்தார். செயலர் தன் செருப்பைப் பார்த்தார். அமைச்சர் அக்கா பக்கம் சாய்ந்து, "இப்ப என்னம்மா பண்றது?" என்று கிசுகிசுத்தார்.

பழக்கதோஷம். அக்கா அதையும் மொழிபெயர்த்துவிட்டாள்.

எதிர்வரிசை குபீரென்று சிரித்தது. பெரிய நாட்டு அமைச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா எழுந்து, "சார், நான் பேசலாமா?" என்றாள். தப்பிக்க வேறு வழி தெரியாத அமைச்சர் தலையாட்டினார். அவள் ஒரு வாக்கியம் நம் மொழியிலும் ஒரு வாக்கியம் அவர்கள் மொழியிலுமாகப் பேசினாள்.

"எங்க வீட்டுச் சமையலறை ஜன்னல் நாலு வருஷமா மூடலை. சரி பண்ணுங்கன்னு என் வீட்டுக்காரர்கிட்ட நாலு வருஷமாச் சொல்றேன். அவரும் நாலு வருஷமா 'பார்க்கலாம்'ங்கறார். எங்க அமைச்சர் அன்னைக்குச் சொன்னது அந்தப் பார்க்கலாம்தான். நான் வார்த்தையை மட்டும் கொண்டுவந்தேன், ஜன்னலைக் கொண்டுவர மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

சொல்லும்போதே அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. இருபத்து மூன்று வருடம் கட்டிக்காத்த கொள்கையில் ஓட்டை இருப்பதைப் பலர் முன்னால் ஒப்புக்கொள்வது லேசில்லை. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. எங்க துறைமுக வாய்ல மணல் மூடுது, தூர்வார ஒரு கப்பல் அனுப்புங்கன்னு ஒன்பது வருஷம் முன்னாடி கேட்டோம். 'விரைவில், மிக்க மகிழ்ச்சியுடன்'னு சொன்னீங்க. குடைக்... இந்த ஐயா அதை அப்படியே எங்களுக்குச் சொன்னார். நாங்களும் நம்பி வரவேற்பு வளைவெல்லாம் கட்டினோம். வளைவு மக்கிப்போச்சு, கப்பல் இன்னும் வரலை. அதுக்காக உங்க ஐயாவை யாரும் வீட்டுக்கு அனுப்பலையே? எங்க பார்க்கலாமும் உங்க விரைவிலும் ஒண்ணுதான்னு ஒரு வரி எழுதி வச்சுக்கிட்டா, ரெண்டு பேருக்கும் வம்பில்லை."

குடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது, சிரிப்பா வேறெதுவா என்று தெரியவில்லை.

பெரிய நாட்டு அமைச்சர் கணக்காக யோசிப்பவர். பார்க்கலாம் என்றால் சம்மதம் என்று அவர் அடம்பிடித்தால், விரைவில் என்பதும் வாக்குறுதியாகிவிடும். கப்பல் அடுத்த வாரமே வந்தாக வேண்டும். பின்வரிசையில் பேனாக்கள் தயாராக இருந்தன. அவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி சிரித்தார். பெரியவர்களுக்கு அந்த வசதி எப்போதும் உண்டு.

கூட்டறிக்கையின் கடைசியில் சொற்பொருள் குறிப்பு என்று ஒரு வரி சேர்ந்தது. அளவெடுக்கும் குழு, அந்த வரியின்படி, விரைவில் வரும். பெரிய நாடு அதனால் ஓர் அங்குலம்கூடச் சின்னதாகிவிடவில்லை. மின்சாரக் கம்பி அங்கேயேதான் கிடக்கிறது, நாளைக்கு வேறு வார்த்தையோடு வருவார்கள். ஆனால் திங்கட்கிழமை வரமாட்டார்கள்.

தலை தப்பிய சந்தோஷத்தில் நம் அமைச்சர் எழுந்து, "அப்ப நாங்க வர்றோம்" என்று கும்பிட்டார். அச்சு அசலாகச் சொன்னால் படையெடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொல்லை மாற்றினாள். "விடைபெறுகிறோம்" என்று அவர்கள் மொழியில் சொன்னாள். அதைக் கவனித்தவர் குடைக்காரர் மட்டும்தான். போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

தாழ்வாரத்தில் செயலர் வேகவேகமாகப் பின்னால் வந்தார். "அம்மா, எதுக்கும் ஒரு பாதுகாப்புக்கு அந்தக் கடிதத்துல..."

"பார்க்கலாம் சார்" என்றாள் அக்கா.

பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். கொட்டகையில் ஆளில்லை. படியேறும்போதே கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து எட்டாக மடித்தாள். நல்ல கெட்டித்தாள், ரெண்டு மழை தாங்கும். நேரே சமையலறைக்குப் போய் ஜன்னலில் செருகப் பார்த்தாள். தாள் உள்ளே போகவில்லை. மறுபடி அழுத்தினாள், போகவில்லை. அப்புறம்தான் பார்த்தாள். சட்டத்தில் புதுக் கட்டை, புதுக் கீல். ஜன்னல் நூல் நுழைய இடமில்லாமல் மூடியிருந்தது.

வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னங்க இது? நாலு வருஷமாப் பண்ணாததை இன்னைக்கு?"

"கருவியெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு நம்ம கையில இருக்குமோ தெரியல. போறதுக்குள்ள உனக்கு இதையாவது பண்ணிடலாம்னு."

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த திருப்புளியை வாங்கிப் பெட்டிக்கு வெளியே வைத்தாள். பிறகு சுத்தியலை எடுத்து வெளியே வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நாலாவது கருவி வெளியே வந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது.