எல்லோரும் ஓனர்

கச்சிபௌலியில் எங்கள் ஆபீஸ் ஏஐ உதவியாளரை யார் யார் திறக்கலாம் என்று முடிவு செய்பவர் எங்கள் மேனேஜர். செகந்திராபாத் தமிழர், எப்போதும் சிரித்த முகம். லிஃப்டில் பக்கத்தில் நின்றால் தன் போனை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வார்.

எனக்குக் கரு கலைந்தபோது லீவ் லெட்டரை அந்த உதவியாளரிடம்தான் எழுதச் சொன்னேன். அவரோ என்னைக் கேட்காமலே டீமில் எல்லோரையும் அதற்கு ஓனராக்கியிருந்தார்; அதில் யார் எழுதியதையும் எல்லோரும் படிக்கலாம். திரும்பி வந்த அன்று ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவர் கேபினுக்குப் போனேன்.

"நான் எழுதினதை அழிங்க சார்."

"டென்ஷன் நக்கோ, வேணாம்மா. நாம ஒரே குடும்பம்தானே? அழிக்கணும்னா எல்லா ஓனரும் படிச்சுப் பார்த்து ஓகே சொல்லணும்."

"திறந்துவிட்டப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் போன் அடித்தது. உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டு சொன்னார்:

"பர்சனல் கால்மா. கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா?"