குழந்தை வந்த பிறகு வராத சூடு

புலம்பெயர்ந்து வந்து வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் முதலில் வாங்கியது பலகை வீடு. வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகள் குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் இருந்தபோது, தாதி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, வீட்டில் பிள்ளையின் அறை குளிரவே கூடாது என்றார். இந்த எடையில் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அவளால் முடியாதாம். அந்த வாரமே மின்சார ஹீட்டர் பொருத்த ஆள் பிடித்தேன்.

பெரிய தகரப் பெட்டியைக் கூரைக்குள் ஏற்றினார்கள். அதிலிருந்து வெள்ளிநிறக் குழாய்களை அறை அறையாக இழுத்து, சூடான காற்று இறங்க உட்கூரையில் சதுர வாய்கள் வெட்டினார்கள். சூட்டை அளந்து ஹீட்டரை ஓடவும் நிற்கவும் வைக்கிற தெர்மோஸ்டாட், கம்பி இறக்க வசதியாக நடைவழிச் சுவரில் ஏறியது. அதையொட்டித்தான் எங்கள் சாமித்தட்டு. துணி அலுமாரியின் கதவைக் கழற்றித் திரை போட்டுச் செய்தது. இரண்டு வாரம் வீடு இதமாக இருந்தது.

மகள் வீட்டுக்கு வந்த அன்று மனைவி தட்டின் முன்விளிம்பில் விளக்கேற்றினாள். பிள்ளை எடை தேறும்வரை இரவும் பகலும் அணையாமல் எரியும் என்று நேர்த்தி வைத்திருந்தாள். அன்று மாலையே வீடு குளிர்ந்தது.

தெர்மோஸ்டாட்டின் குமிழை இருபத்திரண்டுக்குத் திருப்பினேன். கூரைக்குள் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு 'டக்' என்று நின்றது. இருபத்தைந்துக்கு வைத்தேன். மறுபடியும் 'டக்'. குமிழ் முப்பதுக்குப் போன பிறகும் பிள்ளையின் கால்விரல்கள் குளிர்ந்தே இருந்தன. மாறி மாறி நெஞ்சோடு அணைத்தபடி இருந்தோம்.

"நாங்கள் ரெண்டு பேரும் இருக்கேக்க நல்லாத்தானே வேலை செய்தது," என்றாள் மனைவி. "பிள்ளை வந்தாப் பிறகுதான் மாட்டனெண்டு நிக்குது."

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். பிள்ளையின் அறையில்தான் முன்பு ஒரு கிழவி தனியாகக் கிடந்து இறந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் சொல்லியிருந்தார். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் அல்லன். இருந்தும் ஒவ்வொரு 'டக்'குக்கும் என் கண் அந்த அறைக்கதவுக்குப் போனது.

ஹீட்டர்காரரைத் திரும்ப அழைத்தோம். வெளியாட்கள் வந்தால் விளக்கை உள்ளே தள்ளி வைத்துச் சாமித்தட்டின் திரையை இழுத்துவிடுவது எங்கள் வழக்கம். அவர் வந்து நின்றதும் சூடு பொங்கி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வரவேற்பறை வாய்களைப் பாதி மூடி, பிள்ளையின் அறைக்குக் காற்றைக் கூட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் விளக்கு முன்விளிம்புக்கு வந்தது. ஹீட்டர் நின்றது.

"அவனுக்கு மட்டும்தான் இது பயப்பிடுது," என்றாள். "அவன்ர படம் ஒண்டு வாங்கி இதில ஒட்டிவிடுங்கோ."

இருவரும் சிரித்தோம். அந்த வாரத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு காலை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. என் பெரியப்பா காலமாகிவிட்டார். எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு; வீட்டில் விளக்கு எரியக் கூடாது. மனைவி தட்டின் முன் நெடுநேரம் நின்றாள்.

"நேர்த்தியெல்லோ? நூத்தால் பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ?"

"துடக்குக்கு நூக்கிறது குற்றமில்லையப்பா."

விளக்கை அணைத்துவிட்டுத் திரையை இழுத்தாள். பிள்ளையை உறங்க வைத்து, குளிர் நுழையாதபடி அறைக்கதவைச் சாத்தினாள். நான் வரவேற்பறையில் உட்கார்ந்து உறவினர்களுக்குச் செய்தி சொல்லத் தொடங்கினேன். கூரை இரைந்துகொண்டேயிருந்தது. 'டக்' கேட்கவில்லை என்பது என் மனதில் படவே இல்லை.

"இஞ்சாருங்கோ," என்று அவள் கூப்பிட்ட குரல் இன்றும் காதில் இருக்கிறது. கத்தவில்லை. மிக மெதுவாகக் கூப்பிட்டாள்.

அறை அடுப்பாக இருந்தது. பிள்ளை சிவந்து, தலைமயிர் நனைந்து, துணிபோலத் தொய்ந்து கிடந்தாள். தூக்கியும் அழவில்லை. மேலிருந்த துணிகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் காரில் ஓடினோம். வழி முழுக்க மனைவி, "நான் நூத்திட்டன், நான் நூத்திட்டன்," என்று சொல்லியபடி வந்தாள். மருத்துவமனை வாசலில்தான் பிள்ளை கண் திறந்து முனகினாள். அளவுக்கு மீறிய சூடு, இனிப் பயமில்லை என்றார்கள். அன்று ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், கூரை இன்னும் இரைந்துகொண்டிருந்தது. ஹீட்டரை நிறுத்தவென்று நடைவழிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். குமிழ் முப்பதில். அதன் கீழே, தட்டின் முன்விளிம்பில், விளக்கு நின்ற இடத்தில் வட்டமான எண்ணெய்க் கறை. சுவரில் தெர்மோஸ்டாட் வரை மெல்லிய கரிக்கோடு.

குசினிக்குப் போய்க் கேத்தலைக் கொதிக்க வைத்தேன். வெந்நீர்க் கோப்பையைக் கொண்டுவந்து அந்தக் கறைக்கு மேலே பிடித்தேன். சற்று நேரத்தில் 'டக்' என்றது. கூரை அடங்கியது. விளக்கின் சூட்டை வீட்டின் சூடென்று அளந்துதான் அது இத்தனை நாளும் நின்றிருக்கிறது.

பிள்ளையைத் தோளில் போட்டபடி மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். "பிள்ளைக்கெண்டுதானே ஏத்தினனான்," என்றாள். கோப்பை கையைச் சுட்ட பிறகும் அப்படியே பிடித்திருந்தேன்.

தெர்மோஸ்டாட்டைப் பிள்ளையின் அறைக்கு மாற்றினோம். துடக்குக் கழிந்ததும் விளக்கு பழைய இடத்திலேயே எரிந்தது, எடை தேறும்வரை. கிழவியைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. ஆனால் கூரையில் 'டக்' கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வருவது என்னை விட்டுப் போகவில்லை.

மகள் இப்போது மெல்பேர்னில் வேலை செய்கிறாள். அங்கே குளிர் அதிகம். போன கிழமை பேசும்போது அறை சூடாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"டூ ஹொட், அப்பா," என்று சிரித்தாள்.

ஜன்னலைத் திற என்றேன். அது திறக்கிற சத்தம் கேட்கும்வரை நான் தொலைபேசியை வைக்கவில்லை.