மூன்றரை மணிச் சிரிப்பு

பெருமாள்புரத்துக்குக் குடிவந்த புதிதில் சொர்ணாம்பாளுக்கு மத்தியானங்கள் பழகவே இல்லை. டவுனில் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு’ என்பார்கள். இங்கே ஒவ்வொரு வீடும் தன் காம்பவுண்டுக்குள் தனியாக நின்றது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, வாசல் வேம்பில் காற்று ஏறி இறங்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. அவளுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஒரே மகள் சித்ரலேகா கல்யாணமாகிப் புனாவில் இருந்தாள். கணவர் தாணுமாலையன் பொதுப்பணித் துறை இன்ஜினியர். ஆற்றுக் கால்வாய்களும் மடைகளும் அவர் பொறுப்பு. காலையில் ஸ்கூட்டரில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார். வந்தாலும் அதிகம் பேச மாட்டார். கெட்டவர் இல்லை. பேச்சு அவருக்கு வராது, அவ்வளவுதான்.

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டு சாலோமி வந்தது தொண்ணூற்றொன்றில். உவரிக்காரி. கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பாதி நாள் கடலில். குடிவந்த மறுநாளே ஊரிலிருந்து மீன் வந்தது. குழம்பு கொதிக்கிற வாசனை சொர்ணாம்பாளின் பூஜை அறை வரைக்கும் வந்துவிட்டது. தாணுமாலையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிவந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரில் மேலும் சில வரி செங்கல் ஏற்றினார். சாலோமி அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தாள். சாயங்காலம் பூச்சு வேலை முடிந்தபோது அவள் முகம் தெரியவில்லை. கொடியில் தொங்கிய புடவையின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. வாய்ச்சண்டை போட்டிருந்தால்கூட என்றைக்காவது சமாதானம் ஆகியிருக்கலாம்.

தொண்ணூற்று மூன்றில் தெருவுக்குக் கேபிள் வந்தது. லீவுக்கு வந்திருந்த சித்ரலேகா பிடிவாதமாக இணைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு மத்தியானம் சொர்ணாம்பாள் சேனல்களைத் தள்ளிக்கொண்டே போனபோது, ஒரு வெள்ளைக்காரத் தெரு வந்து நின்றது. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். இரண்டு வீடுகளுக்கு நடுவில் இடுப்பளவு வேலிச்செடி. இந்தப் பக்கத்து வீட்டில் பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு பெண்பிள்ளை, கத்தரியால் செடியை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு நெட்டையன் நீளமான பித்தளைக் குழலை நீட்டி ஊதினான். அவள் கை நடுங்கி, செடியில் ஒரு பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. டி.வி.க்குள்ளிருந்து யார் யாரோ சிரித்தார்கள். சொர்ணாம்பாளும் சிரித்துவிட்டாள்.

வாரநாள்களில் தினமும் மூன்றரை மணிக்கு அது வந்தது. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மருந்துச் சீட்டுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும்தான் போதும். ஆனால் அவர்கள் முகத்தைச் சுளிப்பதும், கதவைச் சாத்துவதும், ஒருவர் வீட்டு விருந்தை இன்னொருவர் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்ப்பதும் புரியாமல் இருக்குமா? பேச்சை அவளே போட்டுக்கொண்டாள். கொம்பு ஊதுகிறவனும் பூச்சட்டைக்காரியும் கூடப்பிறந்தவர்கள். தகப்பனார் சொத்தில் மனத்தாங்கல் வந்து, பிரிந்தும் பிரிய முடியாமல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள் என்று முடிவுசெய்தாள். ஆனி மாதத்து மேகம் வந்து கூடம் பாதி இருட்டாகிவிடும். மேற்கே மலையில் சாரல் விழும் குளிர்ச்சி காற்றில் வரும். அந்த நேரத்தில் அவள் அந்தத் தெருவில் நடப்பாள். செருப்பில்லாத காலுக்கு அந்தப் புல் ஈரமாக இருக்கும். தெருமுனையில் திரும்பினால் கால்வாய் ஒன்று சலசலத்து ஓடும். அது தன் ஊர்ப் பாளையங்கால்வாய்தான் என்பது அவளுக்கு ஆச்சரியமாகவே இருக்காது. தொடர் முடிந்து விளம்பரம் வந்த பிறகும், எந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெளியச் சற்று நேரம் பிடிக்கும்.

அப்படி ஒரு நாள் அவள் வாய்விட்டுச் சிரித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. கனத்த, அடித்தொண்டைச் சிரிப்பு. சொர்ணாம்பாள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதே இடத்தில், அதே சிரிப்பு. பக்கத்து வீட்டிலும் அதே தொடர்தான் ஓடுகிறது!

அதன் பிறகு அந்தச் சிரிப்புக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். சாலோமி சிரிக்கும் சில இடங்கள் இவளுக்குப் புரியாது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அதிலிருந்து தெரிந்தது. சில இடங்களில் இவள் முந்திக்கொள்வாள். கொஞ்சம் பொறுத்து அங்கேயிருந்து பதில் போல ஒன்று வரும். வாசலில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மத்தியானத்தில் மட்டும் சேர்ந்து சிரித்தார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. மறுநாளும் இல்லை. டி.வி. சத்தமே கேட்கவில்லை. ஊருக்குப் போயிருப்பாளோ என்று பார்த்தால், கொடியில் துணி எடுக்காமல் கிடந்தது. கொம்புக்காரன் மாடிப்படியில் உருண்டு விழுந்தும் சொர்ணாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. டி.வி.யை அணைத்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்தாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. சாலோமி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கண் மஞ்சளாக இருந்தது.

“ஐயோ, காமாலைல்லா! யாரும் பாக்க இல்லியா?”

“அவுக கப்பல்ல இருக்காவ. ஊருக்குச் சொல்லி விடணும்னு நெனச்சேன், எந்திரிக்க முடியல. நீங்க போங்கக்கா, சார் வைவாவ.”

“அவுக வாயே தொறக்க மாட்டாவ, எங்கன வைய? எந்திரி, பைய எந்திரி.”

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். உவரிக்குத் தகவல் சொல்லி அனுப்பினாள். சாலோமியின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, அசைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும்படி இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போனார். எண்ணெய் கூடாது, மீன் கூடாது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதும், குழைந்த சோறும் மோரும் கொண்டுபோவதும் சொர்ணாம்பாளின் வேலையானது.

“நீங்க சிரிக்கது இங்கன கேக்கும்க்கா,” என்றாள் சாலோமி, ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டே. “படுத்துக் கெடக்கும்போது அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“எனக்கு ஒண்ணு சொல்லு. டி.வி.ல வார அந்த அண்ணனும் தங்கச்சியும் எதுக்கு அப்படி மொறச்சுக்கிடுதாவ?”

“அண்ணன் தங்கச்சியா? அக்கா, அவன் ஒரு காலத்துல அவளப் பொண்ணு கேட்டவன்! அவ இன்னொருத்தனக் கட்டிக்கிட்டா. அதான்.”

சொர்ணாம்பாள் யோசித்தாள். “அப்படின்னா நல்லால்ல.”

சாலோமிக்கு உடம்பு குலுங்கச் சிரிப்பு வந்தது. “அப்ப உங்க கதையச் சொல்லுங்க. எனக்கு டி.வி. பாத்தா கண்ணு வலிக்கி.”

அன்றிலிருந்து மூன்றரை மணிக்கு டி.வி. இல்லை. சொர்ணாம்பாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்வாள். அவள் சொல்லச் சொல்ல அந்தத் தெரு நீண்டுகொண்டே போனது. கொம்புக்காரன் விடியற்காலையில் பனிக்குள் ஊதுவான். அதைக் கேட்டுக் கொக்குகள் வயலிலிருந்து எழும்பும். பூச்சட்டைக்காரி கோபத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, தெருக்கோடியில் ஒரு படித்துறையைக் கண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். மருத மர நிழல் தண்ணீரில் ஆடும். இவ்வளவு பேச்சு தனக்குள் இருந்தது சொர்ணாம்பாளுக்கே தெரியாது.

ஒரு நாள் தாணுமாலையன் ஒரு மடையைப் பார்த்துவிட்டு அப்படியே நேரத்தோடு வீடு திரும்பினார். வீடு பூட்டியிருந்தது. தன்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே வந்து, பின்பக்கம் கைகால் கழுவப் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது. நிற்காமல் பேசிக்கொண்டிருந்தாள். அப்படி அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. கையில் சொம்போடு நின்றார்.

“…பூச்சட்டைக்காரி வீட்டுக்காரன் இருக்கானே, அவன் வேலிச்செடிய வெட்டி எறிஞ்சிட்டு ஒரு செவர எழுப்பிட்டான். ஊரெல்லாம் அவன ஏசுது. ஆனா அவனுக்குப் பேசத் தெரியாது, பாவம். ஒண்ணு மனசுல குறுகுறுன்னு இருந்தா அவன் செங்கலத்தான் எடுப்பான். கட்டி முடிச்சிட்டு, ராத்திரி தூங்காம அந்தச் செவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்.”

“நெசமாவாக்கா?” என்றது சாலோமியின் குரல்.

“நெசந்தான். நான் பாத்திருக்கேன்லா.”

சொம்பிலிருந்த தண்ணீர் தாணுமாலையனின் காலில் சிந்திக்கொண்டிருந்தது.

சொர்ணாம்பாள் வீடு திரும்பியபோது அவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். தான் பேசியதைக் கேட்டுவிட்டாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். காப்பி கொடுத்தாள், குடித்தார். விளக்கேற்றினாள். இரவு இலையில் இரண்டாவது இட்லியை வைக்கும்போதுதான் கேட்டார்.

“ஏளா, அந்தக் கொம்பு ஊதுதவன் கடைசீல என்ன ஆனான்?”

சொர்ணாம்பாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் சாப்பிட்ட கை காய்ந்தது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே கொத்தனார் வந்தார். ஏற்றிய வரிகள் இறங்கின. அதோடு நிற்காமல், பின்பக்கம் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சுவரை இடித்து வழியும் விடச் சொன்னார் தாணுமாலையன். “மழ பெய்ஞ்சா நீ சுத்திக்கிட்டுப் போவாண்டாம்லா,” என்றார் மனைவியிடம். சாலோமியிடம் நேரடியாக அவர் பேசியது இன்னும் சில மாதம் கழித்துத்தான், அதுவும் “கரண்டு இருக்கா?” என்ற ஒரே கேள்வி.

சாலோமி உடம்பு தேறி எழுந்தாள். தொடர் அடுத்த வருஷம் நின்றுபோனது. அந்த நேரத்தில் கிரிக்கெட் வந்தது. சொர்ணாம்பாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றைந்து தை மாதம் உவரிக் கோயில் திருவிழாவுக்கு சாலோமி அவர்களைக் கூட்டிப்போனாள். அவள் கணவரும் கப்பலிலிருந்து வந்திருந்தார். கடலை சொர்ணாம்பாள் திருச்செந்தூரில் பார்த்திருக்கிறாள், கூட்டத்தின் முதுகுகளுக்கு இடையில். இங்கே கட்டுமரங்கள் கவிழ்ந்து கிடந்த மணலில் அவள் தனியாக நடந்துபோனாள். அலை முழங்கால் வரை வந்தது. சேலையைத் தூக்கிப் பிடிக்க மறந்து நின்றாள். கரையில் தாணுமாலையனும் சாலோமியின் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அது வசதியாகவே இருந்ததுபோல் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நாங்குநேரி தாண்டுவதற்குள் சொர்ணாம்பாள் சாலோமியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய பாளை பஸ் ஸ்டாண்டு வந்தது. எழுப்ப மனசில்லாமல், கண்டக்டர் இரண்டு தடவை சத்தம் போடும்வரை சாலோமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.