நாலு துளைக்கு ஒரு டிரில்

என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் சொம்பு வைத்தபடியே இருக்கும். கேட்டால், "தாகமில்ல அம்மணி" என்பார். சித்திரை மாதத்தில் தாகமில்லாத மனிதரை நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் முன்பு வந்த பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் வலுவிழந்திருந்தன. பேச்சு மட்டும் தப்பியது. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். உட்கார்ந்தால் எழுவதற்குத்தான் என்னைக் கூப்பிட வேண்டும். ராத்திரியில் என்னை எழுப்பிக் கூப்பிட வெட்கப்பட்டுத்தான் தண்ணீரைக் குறைத்திருக்கிறார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் கழித்து என்னிடம் என்ன வெட்கம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லியும் விட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண்தான் வழி சொன்னாள். இடது பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தால் அவரே எழுந்துவிடுவாராம். அன்றைக்கே கம்பி வாங்கிவிட்டேன். அதை மாட்ட நாலு துளை போட வேண்டும். பிளம்பர் பத்து நாளாக "நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே மூன்று பட்டறைகள் இருக்கின்றன. அங்கே கேட்கிறேன் என்றேன்.

"வேண்டாம். அவனுக எல்லாம் என்ற கூட வேல செஞ்சவனுக. வந்து பாத்து உச்சுக் கொட்டுவானுக" என்றார்.

முப்பது வருஷம் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். சரி, நானே டிரில் வாங்கி நானே துளை போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், இதுவரை நான் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன். எனக்கு ஒரு குணம். எதை வாங்கினாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மிக்ஸி வாங்கிய கடையில் இன்னும் என்னைக் கண்டால் பயப்படுவார்கள். இந்தக் கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், பொறுமைசாலி. முதலில் பேட்டரி டிரில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஒயரு இல்லீங்க்கா. எங்க வேணாலும் கொண்டு போலாம்."

"ஆறு மாசம் எடுக்காம வெச்சிருந்தா?"

"பேட்டரி சோந்து போயிருமுங்க."

"அப்ப ஒயரு வெச்சதே குடுங்க. என்ற ஊட்டுல பிளக்கு எங்கயும் ஓடிப்போவாது."

அவர் சிரித்துக்கொண்டே ஒயர் வைத்ததில் மூன்றை வரிசையாக வைத்தார். முன்னால், துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய் ஒன்றில் சின்னது, மற்றதில் பெரியது. ஒன்றை வெறும் கையால் இறுக்கலாம், இன்னொன்றுக்குச் சாவி வேண்டும். மேலே இருக்கும் பொத்தானில் சுத்தியல் படம். அதைத் தள்ளினால் சுற்றும்போதே உள்ளுக்குள் தட்டிக்கொண்டும் போகுமாம். சுற்றுவதும் தட்டுவதும் ஒரே மோட்டார் எப்படிச் செய்யும் என்று கேட்டேன். உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன என்று விரல்களைக் கோத்துக் காட்டினார். அந்த இடத்திலேயே ஒன்றைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அப்போது வீட்டிலிருந்து அவர் ஃபோன் செய்தார்.

"ஃபோன டிரில்லுகிட்ட வெச்சு ஒவ்வொண்ணா ஓட்டச் சொல்லு. சத்தம் கேக்கோணும்."

கடைக்காரர் மூன்றையும் ஓட்டினார். மூன்றாவது நின்றதும் ஃபோனில், "இதுதான். பேரிங் சத்தமே இல்ல. வெயிட்டு எப்புடி?" என்றார்.

"கனமா இருக்குதுங்க."

"கனமாத்தான் இருக்கோணும். உள்ள செம்பு கெடக்குதுன்னு அர்த்தம்."

எங்கள் ஊரில் மோட்டார் வாங்க வருகிறவர்கள் கம்பெனிப் பேரைப் பார்க்கும் முன் அதைத் தூக்கித்தான் பார்ப்பார்கள். கனமில்லாவிட்டால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கடைக்காரரும் கோயமுத்தூர்க்காரர்தானே, "அண்ணன் காதுலயே புடிச்சுப்போட்டாருங்க்கா" என்று வியந்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தக் கனத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

மறுநாள் காலை குளியலறைத் தரையைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, டைல்ஸில் பென்சிலால் குறி போட்டு, டிரில்லின் விசையை அழுத்தினேன். எடுத்த எடுப்பிலேயே முழு வேகம். மணிக்கட்டு திருகிக்கொண்டது. பிட் குறியில் நிற்காமல் வழுக்கி, டைல்ஸில் ஒரு முழத்துக்கு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டது.

"கெட்டியாப் புடி" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"எதுல புடிக்கிறதுங்க? எனக்கு ரண்டு கைதான் இருக்குது."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு ஒரு கைதானே. டிரில்லைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் அதை இடது கையால் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் உயர்ந்து மடியிலேயே விழுந்தது.

"நானே புடிக்கப் போறாப்ல நெனச்சு வாங்கச் சொல்லிப்போட்டேன்" என்றார். "போச்சாது, உடு. நீ போயி உனக்கு ஆவறதா மாத்திட்டு வா."

இந்த முறை நான் ஃபோனை வெளியே எடுக்கவில்லை. ஒரு துளைகூடப் போடவில்லை என்பதால் கடைக்காரர் மறு பேச்சில்லாமல் மாற்றித்தர ஒப்புக்கொண்டார். எனக்கு என்ன வேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது. இருபத்தைந்து வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். மோட்டார் வைத்த தையல் மெஷினில் காலை லேசாக வைத்தால் ஊசி ஒவ்வொரு தையலாக இறங்கும், அழுத்தினால் பறக்கும். முதல் தையலை யாரும் பறக்கவிட்டுப் போடுவதில்லை. பம்ப் மோட்டாருக்கு அந்தக் கவலையே கிடையாது, போட்டால் ஒரே ஓட்டம்தான். அவர் காதுக்குப் பழகியது அந்த ஓட்டம்.

"அழுத்தற அளவுக்கு வேகம் கூடற மாதிரி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க்கா. ஆனா அது கொஞ்சம் லேசு."

"லேசாவே குடுங்க."

விசையில் விரலை வைத்துப் பார்த்தேன். நூல் கண்டு போல மெதுவாகச் சுற்றியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், குரலை உயர்த்தியது. கடையில் நின்று ஐந்து நிமிஷம் அதையே செய்துகொண்டிருந்தேன். பக்கவாட்டில் இன்னொரு கைப்பிடியும் மாட்டிக்கொள்ளலாம். டைல்ஸுக்கு வேல் முனை மாதிரி ஒரு பிட், உள்ளே செங்கல்லுக்கு வேறொரு பிட். டைல்ஸ் தாண்டும்வரை சுத்தியல் பொத்தானைப் போடக்கூடாது, போட்டால் விரிசல் விடும் என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். எப்போது தாண்டியது என்று எப்படித் தெரியும் என்றேன். "பழகுனா தெரியுமுங்க" என்றார். நாலே துளையில் எங்கே பழகுவது?

வீட்டில் அவரைக் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். குறியின் மேல் டேப் ஒட்டி, விரலை லேசாக அழுத்தினேன். பிட் வழுக்கவில்லை. வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நிறுத்து. டைல்ஸ் தாண்டிருச்சு."

வெளியே இழுத்துப் பார்த்தேன். பிட்டின் நுனியில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள். எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. பிட்டை மாற்றிச் சுத்தியலைப் போட்டேன். இரண்டாவது துளையில் நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவர் "நிறுத்து" என்ற பிறகுதான் சத்தம் ஒரு இழை கம்மியது போல இருந்தது. மூன்றாவதில் அவர் சொல்லும் முன் நானே நிறுத்தினேன். "இன்னுங் கொஞ்சம் இருக்குது, அவசரப்படாத" என்றார். நாலாவதில் இருவரும் சரியாகச் சேர்ந்துகொண்டோம்.

கம்பியை மாட்டி, முதலில் நான் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். என் எடையைத் தாங்கினால் யாரையும் தாங்கும். பிறகு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். ரொம்ப நேரமானது. கூப்பிடுவாரோ என்று இரண்டு தடவை கதவில் கை வைத்து எடுத்துவிட்டேன்.

அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "அந்த வெள்ளக் கோடுதான் அசிங்கமா இருக்குது" என்றார். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத் தட்டை வைத்து, வழக்கம்போலச் சொம்பையும் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். இரண்டாவது தோசையைத் திருப்பும்போது அவர் குரல் கேட்டது.

"அம்மணி, சொம்பு காலி. இன்னுங் கொஞ்சம் தண்ணி கொண்டா."