மாடத்தில் வைத்த விதை

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் ஊறவைத்த பயற்றில் வெல்லம் கலந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். அம்மா விளக்கேற்றிக் கற்பூரம் காட்டி முடித்ததும் அது எனக்குத்தான். வீட்டில் நான் ஒரே பெண். அம்மனுக்கு முன் வைத்ததைச் சிந்தக்கூடாது, வீணாக்கக்கூடாது என்பது அம்மா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். எழுத்துப் பாடமெல்லாம் அதற்குப் பிறகு வந்து, இரண்டு வருஷத்தில் நின்றும் போயிற்று. முதல் பாடத்தை மட்டும் நான் விடவில்லை. அதனால் வந்த வினையைத்தான் இங்கே சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் கொல்லை நாட்றம்பள்ளி போகும் சாலையை ஒட்டிய மேட்டு நிலம். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா அதில் மக்காச்சோளமும் ஊடே காராமணியும் போடுவார். முந்தின வருஷம் மழை பொய்த்துவிட்டதால், விதைக்கென்று சாம்பல் கலந்து பானையில் கட்டி வைத்திருந்ததை மாசி மாசத்திலேயே எடுத்து உலையில் போட்டுவிட்டோம். ஆடி பிறந்ததும் நல்ல மழை ஒன்று விழுந்தது. கொல்லையை உழுது போட்டாயிற்று, விதைதான் இல்லை. வாணியம்பாடிக் கடையில் சொன்ன விலைக்கு, நைனா கையில் இருந்ததைக் கொண்டு பாதிக் கொல்லைக்குத்தான் வாங்க முடியும்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு மண்டியில் பட்டைத் தொட்டி வேலை. நாள் முழுக்க ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலைப் புரட்டிப் புரட்டி, முழங்கை வரைக்கும் கை செம்பழுப்பாக ஊறிப்போயிருக்கும். வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளிக் காப்பு. கல்யாணத்துக்குப் போட்டதாம், அதுவரை அதை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.

மைசூர்ச் சீமையிலிருந்து வண்டியில் விதை கொண்டுவந்த சாயபு ஒருவர் மாமாவுக்குத் தோஸ்த்து. மழை வலுக்குமுன் ஊர் திரும்ப வேண்டும் என்று, மிச்சமிருந்த மூட்டையைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தாராம். அது எங்கள் கொல்லை முழுவதற்கும் போதும். சோளமும் காராமணியுமாக மாதிரிக்கு ஒரு பிடி மாமா கொண்டுவந்திருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது. நான் கூழ் குடித்துவிட்டு அதற்குள் தூங்கிவிட்டேன். அன்று நடந்த பேச்சு அம்மா பிற்பாடு சொல்லித் தெரிந்தது.

"பாதி விலைக்குக் குடுக்கறான்னா உள்ள ஏதோ கோளாறு கீது மச்சான்" என்றாராம் நைனா.

"இன்னா கோளாறு? நானே கடிச்சுப் பாத்தேன் மாப்ளே."

"நீ தோலைக் கடிச்சுப் பாத்திருப்பே."

மாமா சிரித்துவிட்டு, நம்பிக்கை இல்லாவிட்டால் ஈரத்தில் முடிந்து முளைக்கிறதா என்று பார்க்கட்டும் என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை சாயபு மூட்டையை யாருக்கும் கொடுக்கமாட்டார், அதற்குத் தான் பொறுப்பு என்றும் சொன்னார். நைனா அந்த ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்தார். கீழே வைத்தால் எலி இழுக்கும் என்று அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்தாள். அம்மனே பார்த்துச் சொல்லட்டும் என்று நைனாவும் கும்பிட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா விளக்கேற்றிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். அந்த வாரம் வீட்டில் பயறும் இல்லை, வெல்லமும் இல்லை. எனக்கு அது தெரியாது. மாடத்தில் ஈரத்துணி முடிச்சு இருந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தேன். வெல்லம் இல்லாதது கொஞ்சம் குறை. ஆனால் வெள்ளையாக முனை விட்டிருந்த காராமணி நல்ல தித்திப்பு. சோளமும் பால் பிடித்தாற்போல் இருந்தது. ஊறாமல் கல்லாகக் கிடந்தவற்றைப் பல்லால் உடைக்க முடியவில்லை. அவற்றை மட்டும் திரும்ப முடிந்து, எடுத்த இடத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மண்டிக்கு லீவு. உச்சிப்பொழுதுக்கு மாமா வந்துவிட்டார். நைனா மாடு ஓட்டும் தார்க்குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு சின்னதாகிப் போனதை அவர் பார்க்கவில்லை. அவர் கண் முளையைத் தேடிற்று. ஒன்றில்கூட முளை இல்லை.

"அம்மனே காட்டிக் குடுத்துட்டா, பாத்தியா மச்சான்" என்றார்.

மாமா துணியை வாங்கிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த எதையோ விரலால் தொட்டார். பிறகு நிலைப்படியில் நின்ற என்னிடம் வந்து குனிந்து, என் தாடையைப் பிடித்துத் தூக்கினார். உதட்டோரத்தில் காராமணித் தொலி ஒட்டியிருந்ததாக்கும். அவர் பார்வை அங்கிருந்து என் காலுக்கு இறங்கிற்று. முந்தின வாரம் கூழைக் கொட்டியதற்கு நைனாவிடம் வாங்கிய அடி இன்னும் ஆறாமல் அங்கே இருந்தது. மாமா துண்டு முனையால் என் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

"ஆமா மாப்ளே. பழைய விதைதான். நாந்தான் ஏமாந்துட்டேன்."

நான் தின்றதையும் நைனா பார்த்ததையும் சேர்த்து நினைக்க எனக்குத் தெரியவில்லை. நான் சாப்பிட்டது பிரசாதம். அவர்கள் பேசியது விதையைப் பற்றி. வாயைத் துடைத்துவிட்ட மாமாவைப் பார்த்துச் சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

நைனா மறுநாளே வாணியம்பாடிக் கடையில் விதை வாங்கிப் பாதிக் கொல்லையை விதைத்தார். மறு பாதி அந்த வருஷம் முழுக்கப் புல் முளைத்துக் கிடந்தது. விதைப்புப் பேச்சு வந்தபோதெல்லாம், தோல் புரட்டுகிறவனுக்கு விதையைப் பற்றி என்ன தெரியும் என்று நைனா நாலு பேர் முன்னால் கேட்பார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நைனா காலமான பிறகுதான் அம்மா என்னிடம் ஒன்று சொன்னாள். மூட்டையை நிறுத்திவைக்க மாமா தம் காப்பைச் சாயபுவிடம் கொடுத்திருந்தாராம். வாங்க வந்த வேறு ஆட்களைச் சாயபு திருப்பி அனுப்பியிருந்தார்; மூட்டை வேண்டாம் என்றான பிறகு காப்பைத் திரும்பக் கேட்க மாமாவுக்கு வாய் வரவில்லையாம்.

அடுத்து மாமா வந்தபோதுதான் கவனித்தேன், அந்தச் செம்பழுப்புக் கையில் காப்பு இருந்த இடம் மட்டும் வளையமாக வெளுத்திருந்தது.

"இது இன்னா மாமா, வெள்ளையா கீது?"

"காப்பு இறுக்கிச்சு கண்ணு. கழட்டிட்டேன்."

கை நோகிறதோ என்று அந்த வளையத்தின் மேல் ஊதிவிட்டேன். அன்றைக்கு மாடத்தின் முன் நின்று, மாமா கை சீக்கிரம் ஆறவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பட்டைத் தண்ணீரில் நனைந்து நனைந்து, பொங்கலுக்குள் அந்த இடமும் மற்றக் கையின் நிறமாகிவிட்டது. அம்மன் என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.